போக ஒன்பதரை, வர இருபத்தாறு

கணக்குத் தெரியாதவன் பொய் சொன்னால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இவன் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன். அந்த நூறுக்காக அப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். நூறு வாங்கியவன் பொய்யைக்கூட விடை சரிபார்த்துவிட்டுத்தான் சொல்கிறான்.

அவள் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்தவரின் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் திரையில் தான் அடித்த பெயரும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். விமான டிக்கெட் போட்டுத் தரும் அலுவலகம். பத்தொன்பது வருஷமாக அதே ஜன்னலோர மேசை. மறுமுனையில் அண்ணன். இங்கே மதியம் மூன்று மணி, அவனுக்குக் காலை ஆறு. மூன்று மாதக் குழந்தை எழுப்பிவிட்டிருக்கும். அந்த எரிச்சலைக் குரலில் காட்டாமல் இனிமையாகப் பேசினான். அவன் இனிமையாகப் பேசினால் ஏதோ வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

"என்ன டிக்கெட்டு, லைன்ல இருக்கியா?" இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவன் அவளுக்கு வைத்திருந்த பெயர் அது.

"இருக்கேன்."

"சாயங்காலம் நான் அம்மாகிட்ட பேசறப்ப நீயும் பக்கத்துல இரு. இங்க வர்றதுக்கு ஒன்பதரை மணி நேரம்தான்னு சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கறாங்க. பாப்பா சொல்லட்டும், அவதான் அந்த வேலையில இருக்கான்னு ஒரே பிடிவாதம். நீ ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

"ஒன்பதரை இல்லையே அண்ணா."

"காலைல ஒன்பதுக்குக் கிளம்புது. சாயங்காலம் ஆறரைக்கு இறங்குது. டிக்கெட்டுல அப்படித்தானே போட்டிருக்கு? நானா கையால எழுதினேன்?"

"ஆறரைங்கறது உங்க ஊர் ஆறரை."

"ஆறரைன்னா ஆறரைதான். அம்மாவைக் கூண்டுல ஏத்தி விசாரிக்கவா போறாங்க? நீ ரொம்பத்தான் பண்றே." சிரித்தான். சிரிப்பு முடிந்த இடத்திலேயே குரலை மாற்றினான். "அண்ணி வேலைக்குத் திரும்பணும். ஆறு மாசம் அம்மா இங்க இருந்தா போதும். இதுல உனக்கு என்ன நஷ்டம்?"

அவள் அம்மாவின் காலைப் பற்றிச் சொல்ல நினைத்தாள். அவனுக்குத் தெரியாததா? போன வருஷம் அம்மாவுக்கு இடது கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் ஒரு முறை போன் செய்து, 'காலை உயரமா வெச்சுக்கங்கம்மா' என்று வைத்தியம் சொன்னவன் அவன்தான். டாக்டர் சொன்னதும் அவனுக்குத் தெரியும். உட்கார்ந்தபடி போகிற பயணம் என்றால் பத்து மணி நேரம்தான் எல்லை, அதுவும் இடையிடையே எழுந்து நடந்தால். அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். அந்தப் பத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் இவன் ஒன்பதரையைக் கண்டுபிடித்திருக்கிறான். அரை மணி நேரம் மிச்சம் வேறு வைத்திருக்கிறான், தாராள மனசு.

"சாயங்காலம் பார்ப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பக்கத்து மேசையில் விசா படிவங்கள் நிரப்புகிறவர் தலையைத் தூக்கினார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் விசா அண்ணன். "யாரு, மகாராஜாவா? குரலே இங்க வரைக்கும் மணக்குதே."

"அம்மா டிக்கெட் விஷயம்."

"விசா வந்து எட்டு நாளாச்சு. நீ ஏன் இன்னும் ஹோல்டுலயே வெச்சிருக்கே? நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு விழுந்துடும், ஞாபகம் இருக்கட்டும்." பெயரைப் போட்டு இருக்கையைப் பிடித்துவைப்பதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஹோல்டு. குறித்த நேரத்துக்குள் டிக்கெட்டாக மாற்றாவிட்டால் இருக்கை தானே கழன்று வேறு யாருக்கோ போய்விடும்.

"அவங்களை ஒன்பதரை மணி நேரம்னு சொல்லி ஏத்தணுமாம்."

விசா அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம முதலாளி வசனம் ஆச்சே இது. உங்க அண்ணன் எங்க புடிச்சாரு?"

எங்கே பிடித்தான் என்று அவளுக்குத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே முதலாளி சொல்லிக்கொடுத்த பாடம் அது. மேற்கே போகிறவர்களுக்குக் கடிகாரத்தைக் காட்டு, கிழக்கே வருகிறவர்களுக்கு மணியைச் சொல்லு. மேற்கே போகப் போக ஊர்களின் கடிகாரங்கள் பின்தங்கி இருக்கும். காலையில் ஏறிய ஆள் பதினெட்டரை மணி நேரம் பறந்தும் காத்துக் கிடந்தும் அதே நாள் சாயங்காலம் போய் இறங்குவார். 'காலைல ஏறினா சாயங்காலம் அங்க இருக்கலாம் சார்' என்றால் வாடிக்கையாளரின் முகம் மலரும். திரும்பி வரும்போது அதே கடிகாரம் எதிராளியாகிவிடும். அங்கே இன்று சாயங்காலம் ஆறுக்கு ஏறினால் இங்கே நாளை இரவு எட்டு. கழித்துப் பார்த்தால் இருபத்தாறு மணி நேரம். அப்போது கடிகாரத்தைப் பேசக் கூடாது. 'பதினேழே மணி நேரம் சார், காத்து பின்னாலேர்ந்து தள்ளும்' என்று உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மை லாபமாக இருக்கும் இடத்தில் உண்மை பேசுவதில் முதலாளிக்கு ஆட்சேபணை கிடையாது.

இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே பன்னிரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர். போனாலும் அதுதான், வந்தாலும் அதுதான். பூமி ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் சுருங்குவதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களை அவள் இந்த ஒரே ஏமாற்றில் மேற்கே ஏற்றி அனுப்பியிருக்கிறாள். ஒருவர்கூடத் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. மனிதர்கள் தாங்கள் ஏமாந்த கணக்கை யாரிடமும் காட்ட விரும்புவதில்லை.

அதை ஒரு நாள் வீட்டில், மதியச் சாப்பாட்டின்போது, நகைச்சுவையாகச் சொன்னவளும் அவளேதான். அண்ணன் விடுமுறைக்கு வந்திருந்தான். முதலாளியைப் போலவே தொண்டையைச் செருமி நடித்துக் காட்டினாள். அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. அண்ணன் சிரிக்கவில்லை. 'அட, நல்லா இருக்கே' என்று மட்டும் சொன்னான். ஒரு நல்ல கருவியைக் கடையில் பார்த்தவனைப் போல. அவன் அதைத் திருப்பிப் பிடித்துத்தான் முதலில் உபயோகித்தான்.

மூன்று வருஷம் ஆகிறது. ஒரு திங்கட்கிழமை மாலை, அப்பாவைப் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்து, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அடுத்த பத்து நிமிஷத்தில் அவள் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றபடியே அண்ணன் பெயரில் இருக்கை பிடித்துவிட்டாள். இங்கத்திய நேரத்துக்குச் செவ்வாய் அதிகாலை மூன்று மணிக்கு அங்கிருந்து கிளம்பும் விமானம். அவனைக் கூப்பிட்டாள். கைபேசி ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

"இருபத்தாறு மணி நேரம் ஆகும்மா" என்றான். "நான் வந்து சேர்றதுக்குள்ள… எதுக்கும்மா. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்."

அந்த நொடியில் அவள் பதினேழு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எப்படியும் கிளம்பிவிடுவான் என்று நினைத்தாள். அவனைப் பற்றி அவ்வளவு நல்லபடியாக நினைத்தது அதுதான் கடைசி முறை. நான்கு தடவை திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஹோல்டு நேரம் முடிந்து அவன் பெயர் திரையிலிருந்து கழன்று விழுந்ததைப் பார்த்தாள்.

செவ்வாய் மாலை அப்பாவுக்கு நினைவு தெளிந்தது. "அவன் எங்க வந்துட்டிருக்கான்?" என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறான் என்றாள். அவர் எதிர்ச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எட்டு மணிக்கு அவள் கைபேசியில் அந்த விமானத்தின் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். தரையிறங்கிவிட்டது என்று வந்தது. நிமிஷம் பிசகவில்லை. அப்பா புதன்கிழமை விடியற்காலை நாலரைக்குப் போனார். அண்ணன் இரண்டு வாரம் கழித்து வந்து, கூடத்தில் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதான். பார்த்தவர்கள் எல்லோருக்கும் மனசு கரைந்தது. இவளுக்கு அவனுடைய தோள்கள் குலுங்கும் ஒழுங்குதான் கண்ணில் பட்டது.

அம்மா தனக்கென்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மூன்று மணிக்குக் கிளம்பியிருந்தால் இருபத்தாறு மணி நேரம் கழித்துப் புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு வந்து இறங்கியிருப்பான். அவர் போனது நாலரைக்கு. "அரை மணி நேரம்" என்பாள் துக்கம் கேட்க வந்தவர்களிடம். "என் புள்ளை அடிச்சுப் புடிச்சுக் கிளம்பி வந்திருந்தாலும் அரை மணி நேரத்துல தவறியிருக்கும். கொடுப்பினை இல்ல. அவன் என்ன பண்ணுவான்?" கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். மூன்று வருஷமாக அம்மா அந்த அரை மணி நேரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள், சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். மகள் அதைத் தட்டிவிடவில்லை. அதைத் தன் பெருந்தன்மை என்று வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தாள். பெருந்தன்மையும் இல்லை, மண்ணும் இல்லை. எழுந்து நின்று ஒரு காரியத்தைச் செய்யச் சோம்பல். அதற்குப் பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்தாள்.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, அண்ணனை வெறுப்பது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று யோசித்தாள். அவனை இளக்காரமாக நினைக்க நினைக்கத் தான் உயர்ந்துகொண்டே போவதைப் போல ஒரு சுகம். முதலாளியின் வசனத்தைப் பத்தொன்பது வருஷமாகச் சொல்லி வயிறு வளர்ப்பவள், அதே வசனத்தை இரண்டே முறை சொன்னவனைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறாள்.

வீட்டில் கூடத்து நடுவே பெட்டி திறந்து கிடந்தது. குழந்தைக்கு வாங்கிய குட்டிச் சட்டைகள் ஏழு, எட்டு. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கால்களை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தாள். முழங்கால்வரை இறுக்கிப் பிடிக்கும் உறை மாட்டியிருந்தாள். டாக்டர் கொடுத்தது. அதன் விளிம்புக்கு மேலே சதை பிதுங்கியிருந்தது.

"காலைலேர்ந்து உட்கார்ந்தே இருந்தியா?"

"நடந்தேன் நடந்தேன். சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நூறு தடவை நடந்தேன். உன் ஆபீஸ் வரைக்கும் வந்திருப்பேன்." அம்மா சிரித்தாள். "ஒன்பதரை மணி நேரம்தானாம் பாப்பா. டாக்டர் பத்து வரைக்கும் சொல்லியிருக்கார். சின்னவனைப் பார்த்துட்டு வந்துடறேன். இந்த உயிர் இருக்கறப்பவே ஒரு தடவை பார்த்துடணும்."

'சின்னவன்' பிறந்தே மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் அம்மாவின் வாயில் அவனுக்குப் பதவி கிடைத்துவிட்டது. இவள் நாற்பத்தோரு வயதிலும் பாப்பா.

ஏழு மணிக்குக் கைபேசி அடித்தது. அம்மா அதை மருந்து டப்பாவில் சாய்த்து நிறுத்தினாள். அண்ணன் சவரம் செய்து, வெள்ளைச் சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்திருந்தான். அண்ணி தோளில் குழந்தை.

"வாங்க அத்தை, இவன் உங்களைத்தான் தேடறான்" என்றாள் அண்ணி. குழந்தை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"வர்றேன் கண்ணு, வர்றேன். இரு, பாப்பா வந்துட்டா. அவ வாயால கேட்டுக்கறேன்." அம்மா திரும்பினாள். "சொல்லு பாப்பா. எத்தனை மணி நேரம் உட்காரணும்?"

"சொல்லு டிக்கெட்டு" என்றான் அண்ணன். "காலைல ஒன்பது, சாயங்காலம் ஆறரை."

அவளுக்கு வியப்பாக இருந்தது. அவன் முகத்தில் பயம் இல்லை. தங்கை தனக்காகச் சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கைகூட இல்லை. நம்பிக்கை வேண்டுமென்றால் கொஞ்சமாவது சந்தேகம் இருந்திருக்க வேண்டும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று இருப்பவனைப் போல இருந்தான். அந்தக் குழாயாகத்தான் அவள் இத்தனை நாளும் இருந்திருக்கிறாள்.

"பதினெட்டரை மணி நேரம்மா" என்றாள். "முதல்ல நாலேகால் மணி நேரம். அப்புறம் ஒரு இடத்துல இறங்கி ரெண்டரை மணி காத்திருக்கணும். திரும்ப ஏறினா பதினொண்ணே முக்கால். அதுல இறங்க வழி இல்ல."

"ஏய்!" என்றான் அண்ணன். "அவ எல்லாத்தையும் கூட்டிச் சொல்றாம்மா."

"கூட்டித்தானேடா சொல்லணும்?"

"அப்படி இல்லம்மா. இங்க கடிகாரம் ஒன்பது மணி நேரம் பின்னாடி. அதனால ஒன்பது மணி நேரம் உங்களுக்குக் கணக்குல வராது."

அம்மா ஸ்டூலில் இருந்த தன் காலைப் பார்த்தாள். "கடிகாரம் ஒன்பதரை காட்டினா, கால் ஒன்பதரைக்குத்தான் வீங்குமா?"

அண்ணி சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா, சங்கடப்பட்டாளா, தெரியவில்லை.

"அம்மா, நீங்க அவ பேச்சைக் கேட்டுட்டு…" அண்ணனின் இனிமை கலைந்தது. "அவளுக்கு நீங்க இங்க வர்றது பிடிக்கல. யாரு சமைச்சுப் போடறதுன்னு பயம். அதான்."

அவள் மறுக்கவில்லை. அதிலும் ஒரு துளி உண்மை இருக்கலாம். அவன் சொன்னதாலேயே அது பொய்யாகிவிடாது.

அம்மா அவன் சொன்னதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஸ்டூலிலிருந்து கால்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். "அப்ப வர்றதுக்கு?" என்றாள். மகனைக் கேட்கவில்லை, மகளைப் பார்த்துத்தான் கேட்டாள். "அங்கேர்ந்து இங்க வர்றதுக்கு இருபத்தாறுதானே பாப்பா?"

திரையில் அண்ணன் கேமராவுக்கு மிக அருகில் வந்திருந்தான். நெற்றி மட்டும் தெரிந்தது.

"பதினேழும்மா. வர்றப்ப காத்து பின்னாலேர்ந்து தள்ளும். போறதைவிடக் கொஞ்சம் சீக்கிரமே வந்துடும்."

"குழந்தை அழறான்மா, அப்புறம் பேசறேன்" என்றான் அண்ணன். குழந்தை அழவில்லை. திரை கறுத்தது.

அம்மா விரல்களை மடக்கத் தொடங்கினாள். உதடுகள் அசைந்தன. வலது கை முடிந்து இடது கைக்கு வந்து, திரும்ப வலது கைக்குப் போனாள். பதினேழுக்கு விரல்கள் போதவில்லை. ஓரிடத்தில் தடுமாறி, முதலிலிருந்து எண்ணினாள். நாலு, அஞ்சு, ஆறு என்று தொடங்கியதை வைத்து, மூன்று மணியிலிருந்து எண்ணுகிறாள் என்று மகளுக்குத் தெரிந்தது. உதவி செய்யவில்லை. தடுக்கவும் இல்லை.

"எட்டு" என்றாள் அம்மா.

பிறகு, "எட்டு மணிக்கு அவர் முழிச்சிட்டுத்தான் இருந்தார். ஒரு வாய் தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சார்" என்றாள்.

மகள் இத்தனை வருஷமும் இந்த நிமிஷத்தை மனதுக்குள் பல விதமாக நடத்திப் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றிலும் கடைசியில் அவளுக்கு ஒரு வெற்றி இருந்தது. அம்மா நெஞ்சில் அடித்துக்கொள்வாள், அண்ணனைத் திட்டுவாள், இவளைக் கட்டிக்கொள்வாள். இப்போது அம்மா எதையும் செய்யவில்லை. கால் உறையின் விளிம்பை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். மகள், அண்ணன்மேல் வைத்திருந்த இளக்காரத்தைத் தேடிப் பார்த்தாள். அது இருந்த இடத்திலேயே பத்திரமாக இருந்தது. ஆனால் அதை எடுத்து வைத்துக்கொண்டு இந்தக் கூடத்தில் எதுவும் செய்ய முடியாது.

வெகு நேரம் கழித்து அம்மா தலையை நிமிர்த்தினாள். முகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்திருந்தது. கடையில் விலை படியாமல் எழுந்து போனவள், வேறு விலை யோசித்துத் திரும்பி வருவதைப் போல.

"பாப்பா, இது இப்பத்தி கணக்குதானே?"

"எது?"

"இந்தப் பதினேழு. மூணு வருஷம் முன்னாடி பிளேன் இவ்வளவு வேகமா போயிருக்காது. இப்பத்தானே எல்லாம் புதுசு புதுசா விடறான். அப்ப சுத்திக்கித்திதான் வந்திருக்கும்." அம்மா நாற்காலியிலிருந்து முன்னுக்குக் குனிந்தாள். "நீ அதுலயே இருக்கறவ. உனக்குத் தெரியாதா? அப்ப இருபத்தாறு ஆகியிருக்கும்."

மகள் அம்மாவின் கண்களைப் பார்த்தாள். அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறாள்.

"நீ ஆமான்னு மட்டும் சொல்லு. நான் டிக்கெட்டும் வேணாம், போகவும் வேணாம்னு அவன்கிட்டச் சொல்லிடறேன். உன் இஷ்டப்படியே இங்கயே இருக்கேன். நீ ஆமான்னு சொல்லு, போதும்."

தலையை ஒரு முறை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். முதலாளிக்காக, ஊர் பேர் தெரியாதவர்களிடம், தினம் பத்து முறை ஆட்டுகிற தலைதான்.

அவள் அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வீங்கிய பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உறையை மேலிருந்து மெதுவாகச் சுருட்டிக் கழற்றினாள். சதையில் அதன் வரிகள் ஆழமாகப் பதிந்திருந்தன.

"சொல்லேன்டி" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "ஒரே ஒரு தடவை."

"இல்லம்மா" என்றாள் அவள். "அப்பவும் பதினேழுதான்."